பிரஷரும் குடல் பற்றீரியாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுப்பது என் தொழில். காலையில் லொசார்டன் என்ற பிரஷர் குளிசை ஒன்று விழுங்குவது என் பழக்கம். இந்த இரண்டையும் தெரிந்தவர்கள் மாலையில் மரைன் டிரைவில் நடக்கும்போது என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். "சேர், பிரஷர் குடலில இருந்து வருகுதாம், உண்மையோ?" நடந்துகொண்டே சொல்லும் பதில் பாதியில் நின்றுவிடும். பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போனால் மீதிப் பாதியும் கேட்காது. அதனால் எழுதிவைத்தேன். நான் வைத்தியர் இல்லை. யாருடைய மருந்தையும் கூட்டவோ குறைக்கவோ இங்கே எதுவும் சொல்லவில்லை.

பாடப்புத்தகம் குருதிக் கலன் என்பதை இங்கே குழாய் என்றே எழுதுகிறேன். உயர் குருதி அமுக்கம் எல்லார் வாயிலும் பிரஷர்தான், இங்கேயும் அப்படியே.

பிரஷர் உண்மையிலேயே குடலிலிருந்துதான் வருகிறதா?

குடலிலிருந்து மட்டும் இல்லை. ஆடிவேல் தேரை ஒரே ஆள் இழுப்பதில்லை. பரம்பரை, வயது, உப்பு, உடற்பருமன், சிறுநீரகம், நரம்புத் தொகுதி என்று பலர் பிடிக்கிற வடம் இது. அந்த வடத்தில் குடல் பற்றீரியாவின் கையும் இருக்கிறது என்பது கடந்த பதினைந்து வருடங்களுக்குள் தெளிவாகத் தொடங்கியது. அந்தக் கை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதில்தான் இன்னும் வழக்கு.

ஒரு மனிதரின் உடம்பில் ஏறக்குறைய 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் இருப்பதாக 2016இல் கணக்கிட்டார்கள். பெரும்பங்கு பெருங்குடலில். நம் சொந்தக் கலங்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இவ்வளவு பேர் உள்ளே இருந்து சாப்பிட்டால் கழிவும் வரத்தானே செய்யும்? அந்தக் கழிவுகளைப் பற்றித்தான் இந்தப் பக்கம் முழுவதும்.

முதலில், பிரஷர் இருக்கிறவரின் குழாய்க்கு என்ன நடக்கிறது?

இதை விளங்கிக்கொள்ளாமல் பற்றீரியாவுக்குப் போனால் ஒன்றும் ஒட்டாது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

நாடியின் சுவரில் மூன்று படைகள். உட்பக்கம், இரத்தம் உரசிக்கொண்டு போகிற இடத்தில், ஒரே ஒரு கலத்தின் தடிப்பில் அகவணி. நடுவில் மழமழப்பான தசை. வெளியே தொடுப்பிழையத்தாலான உறை. அகவணி வெறும் பூச்சு என்றுதான் நீண்ட காலம் நினைத்தார்கள். 1980இல் ரொபேர்ட் ஃபேர்ச்கொட் என்ற அமெரிக்க விஞ்ஞானி முயலின் பெருநாடித் துண்டுகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். அகவணி சேதப்படாத துண்டில் அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தை விட்டால் அது தளர்ந்தது. அகவணி உரசப்பட்டுப்போன துண்டு தளரவில்லை. ஆக, அந்த மெல்லிய படை ஏதோ ஒன்றைச் சுரந்து தசைக்கு "தளரு" என்று சொல்கிறது. அந்த ஏதோ ஒன்று நைத்திரிக் ஒட்சைட்டு என்ற சின்னஞ்சிறு வாயு மூலக்கூறு என்று பிறகு தெரியவந்தது. 1998இல் ஃபேர்ச்கொட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு.

பிரஷர் உள்ளவரில் மூன்று இடங்களில் பழுது தெரியும். அகவணி நைத்திரிக் ஒட்சைட்டைக் குறைவாகச் சுரக்கிறது. சுரந்ததையும் தீவிர ஒட்சிசன் வகைகள் பிடித்து அழித்துவிடுகின்றன. சின்ன நாடிகளில் தசை தன்னைத் தானே அடுக்கி மாற்றிக்கொள்கிறது. சுவர் தடிக்க, உள்வெளி ஒடுங்கும். பெரிய நாடிகளில் இறப்பர் போல இழுபடுகிற எலாஸ்ரின் நார் பிய்ந்து, விறைப்பான கொலாஜன் கூடுகிறது. விறைத்த பெருநாடியில் நாடித்துடிப்பின் அலை வேகமாக ஓடும். அந்த வேகத்தை அளந்துதான் விறைப்பைக் கணிக்கிறார்கள்.

ஒடுங்குவது என்றால் எவ்வளவு? பௌதிகம் படித்த பிள்ளைகளிடம் கேளுங்கள். தடை, ஆரையின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறு. ஆரை 10 வீதம் குறைந்தால் தடை ஒன்றரை மடங்கு ஆகிவிடும். கண்ணுக்கே தெரியாத சுருக்கம், அதை ஈடுசெய்ய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக உந்த வேண்டும்.

பற்றீரியாவின் பொருட்கள் கைவைப்பது இந்த மூன்று இடங்களிலும்தான்.

அனுசேபப் பொருள் என்றால் என்ன?

பற்றீரியா எதையாவது உடைத்தோ மாற்றியோ வெளியே விடுகிற சின்ன மூலக்கூறு. பால் புளித்துத் தயிராகும்போது வருகிற இலற்றிக் அமிலம் அப்படிப்பட்ட ஒன்று. பெருங்குடலில் உண்டாகிற பலவும் குடற்சுவரைக் கடந்து இரத்தத்துக்குள் போகின்றன. முதலில் ஈரல், பிறகு உடம்பெங்கும்.

ஒரு விசயம் எனக்கு எப்போதும் வேடிக்கை. இந்தப் பொருட்களில் அநேகம் நாறும். பியூட்டிரேற்று ஊசிப்போன வெண்ணெய். மூமெதைல் அமீன் அழுகிய மீன். ஐதரசன் சல்பைட்டு கூழ்முட்டை. இந்தோல் எதன் மணம் என்று சொல்லத் தேவையில்லை. பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம் என்று சொன்னால் வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். இந்த மணங்களை உடம்புக்குள்ளும் ஒன்று முகர்ந்துகொண்டிருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கீழே வருவோம்.

நன்மை செய்கிறவை எவை?

முதல் பெயர் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்கள்: அசற்றேற்று, புரோப்பியோனேற்று, பியூட்டிரேற்று. நம் சொந்த நொதியங்களால் உடைக்க முடியாத நார்ச்சத்து பெருங்குடலுக்கு வந்து சேரும். அங்கே ஒட்சிசன் இல்லாத இருட்டில் பற்றீரியாக்கள் அதை நொதிக்கச்செய்து இந்த மூன்றையும் தருகின்றன. பெருங்குடலில் ஐந்தில் மூன்று பங்கு அசற்றேற்று, மற்ற இரண்டும் ஆளுக்கொரு பங்கு.

மூன்றும் ஒரே தூரம் பயணிப்பதில்லை. பியூட்டிரேற்றைப் பெருங்குடற் கலங்களே எரிபொருளாகத் தின்றுவிடும். புரோப்பியோனேற்றின் பெரும்பகுதியை ஈரல் பிடித்துக்கொள்ளும். கை கால் வரை கணிசமாக ஓடுவது அசற்றேற்றுத்தான். ஆகவே பியூட்டிரேற்றின் உதவி அநேகமாகச் சுற்றுவழி: குடற்சுவரை இறுக்கமாக வைத்திருப்பது. சுவர் இளகினால் பற்றீரியாவின் உடைந்த உறைத் துண்டுகள் இரத்தத்துக்குள் கசிந்து, நிர்ப்பீடனக் கலங்களை உசுப்பி, அழற்சி குழாய்ச் சுவர் வரை போய்விடும்.

மற்றவற்றுக்கு நேர்வழியும் உண்டு. அகவணிக் கலங்களின் மேல் ஜி.பி.ஆர். 41 என்ற வாங்கி இருக்கிறது. வாங்கி என்பது குறித்த மூலக்கூறு வந்து பொருந்துகிற புரதம். புரோப்பியோனேற்றும் அசற்றேற்றும் அதில் வந்து பொருந்தினால் குழாய் தளர்கிறது. அந்த வாங்கி இல்லாமல் பிறப்பிக்கப்பட்ட சுண்டெலிகளில் மேல் பிரஷர், அதாவது அளக்கும்போது வருகிற இரண்டு எண்களில் பெரியது, உயர்ந்திருந்தது. 2017இல் அவுஸ்திரேலியாவில் ஃபிரான்சீன் மார்க்கஸின் குழு, ஓமோனும் உப்பும் கொடுத்துப் பிரஷர் ஏற்றிய எலிகளுக்கு நார்ச்சத்துக் கூடிய உணவையோ அசற்றேற்றையோ கொடுத்துப் பார்த்தது. பிரஷர் குறைந்தது, இதயத்தில் தழும்புபோல் நார் படிவதும் குறைந்தது.

மூக்கில் இருக்கிற வாங்கி சிறுநீரகத்தில் என்ன செய்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஜெனிபர் பிளஸ்னிக் என்பவர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2013இல் வெளியிட்ட வேலை இது. மணம் அறியும் வாங்கிகளின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று, சுண்டெலியில் அதற்குப் பெயர் ஓ.எல்.எஃப்.ஆர். 78, சிறுநீரகத்தில் ரெனின் என்ற நொதியம் சுரக்கிற இடத்திலும் சின்னக் குழாய்ச் சுவர்களிலும் இருந்தது. அது மோப்பம் பிடிப்பது புரோப்பியோனேற்றையும் அசற்றேற்றையும். மோப்பம் கிடைத்ததும் ரெனின் சுரந்து பிரஷரை ஏற்றுகிறது!

சற்று முன் இவை பிரஷரைக் குறைக்கும் என்றேனே? இரண்டும் சரி. ஜி.பி.ஆர். 41 இறக்குகிறது, இந்த மூக்கு வாங்கி ஏற்றுகிறது. சுண்டெலியில் கூட்டிக் கழித்தால் இறக்கம்தான் மிஞ்சியது. மூக்கு வாங்கியை அகற்றிய எலிகளில் அதே அளவு புரோப்பியோனேற்று பிரஷரை இன்னும் ஆழமாக விழுத்தியது. அளவுக்கு மீறி விழாமல் ஒரு தடுப்பாக அது இருக்கலாம் என்பது என் விளக்கமும் கூட. இந்த எதிரும் புதிரும் தெரியாமல் "நல்ல அமிலம்" என்று புட்டியில் அடைத்து விற்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

கெடுதல் செய்கிறவை?

அதிகம் பேசப்படுவது ரீ.எம்.ஏ.ஓ. இறைச்சி, முட்டை மஞ்சட்கரு, ஈரல் போன்றவற்றில் உள்ள கோலினையும் கார்னிற்றினையும் சில பற்றீரியாக்கள் மூமெதைல் அமீனாக மாற்றும். அது ஈரலுக்குப் போனால் எஃப்.எம்.ஓ. 3 என்ற நொதியம் ஒட்சிசனைச் சேர்த்து ரீ.எம்.ஏ.ஓ. ஆக்கிவிடும். அந்த நொதியம் பிறவியிலேயே வேலை செய்யாதவர்களின் வியர்வையில் மீன் மணம் அடிக்கும், அரிதான நோய்.

அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் ஸ்ரான்லி ஹேஸனின் குழு 2011இல் இந்தப் பாதையை இதய நோயோடு இணைத்தது. 2013இல் அதே குழு 4,007 பேரை மூன்று வருடங்கள் பின்தொடர்ந்தது. ரீ.எம்.ஏ.ஓ. மிகக் கூடிய கால்பங்கினருக்கு, மிகக் குறைந்த கால்பங்கினரைவிட மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் ஆபத்து ஏறக்குறைய இரண்டரை மடங்கு.

குழாயில் அது என்ன செய்கிறது? விலங்குகளில் பார்த்தவரை, அகவணியில் தீவிர ஒட்சிசனைக் கூட்டி, நைத்திரிக் ஒட்சைட்டைக் கிடைக்காமல் செய்து, அழற்சியைக் கிளறிவிடுகிறது. பெருநாடி விறைப்பதோடும் தொடர்பு காட்டியிருக்கிறார்கள். எலிகளில் ரீ.எம்.ஏ.ஓ. தனியாகப் பிரஷரை ஏற்றவில்லை. அஞ்சியோரென்சின் என்ற குழாய் சுருக்கியோடு சேர்த்துக் கொடுத்தபோது அந்த ஏற்றம் நீடித்தது. ஏற்கெனவே எரிகிற அடுப்புக்கு ஊதுகுழல் பிடித்த மாதிரி.

இன்னொன்று பினைல்அசற்றைல்குளுற்றமின். வாயில் நுழையாத பெயர். அட்ரினலீன் பொருந்துகிற வாங்கிகளிலேயே இதுவும் போய்ப் பொருந்துகிறது என்று ஹேஸனின் குழு 2020இல் சொன்னது. அற்றெனலோல் என்ற பிரஷர் குளிசை போடுகிறவர்களுக்கு அந்த வாங்கிகள் பழக்கமானவை. அந்தக் குளிசை அடைப்பது அவற்றில் ஒரு வகையைத்தான்.

அப்போ மீனை விட்டுவிட வேண்டுமா?

கொட்டாஞ்சேனை அக்கா ஒருவர் இதைக் கேட்கும்போது கண் கலங்காத குறை. வேண்டாம் அக்கா, விட வேண்டாம்.

கடல் மீனில் ரீ.எம்.ஏ.ஓ. பற்றீரியாவின் உதவி இல்லாமலே நேராக இருக்கிறது, ஆழ்கடல் மீனில் இன்னும் கூடுதலாக. மீன் சாப்பிட்டுச் சில மணி நேரத்துக்கு இரத்தத்தில் அது உயர்ந்து நிற்கும். ஆனாலும் மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இதய நோய் கூடுவதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. ரீ.எம்.ஏ.ஓ. குற்றவாளியா, குற்றம் நடந்த இடத்தில் நின்றவரா என்ற சந்தேகத்துக்கு இதுவே முக்கிய காரணம். சுகமான சிறுநீரகம் அதை விரைவில் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதானால் தேங்கும். அப்படியென்றால் உயர்ந்த ரீ.எம்.ஏ.ஓ. சில பேரில் சிறுநீரகக் கோளாறின் நிழலாகவும் இருக்கலாம்.

கருவாடு வேறு கதை. அங்கே பிரச்சினை உப்பு. புறக்கோட்டையில் வாங்கிய கட்டாக் கருவாட்டை ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தாலும் உப்பு முழுதாகப் போகாது.

உப்பு குழாயை நேராகத்தானே கெடுக்கிறது? இதில் பற்றீரியா எங்கே வந்தது?

நேராகவும் கெடுக்கும், பற்றீரியா வழியாகவும் கெடுக்கும் போலிருக்கிறது. பேர்லின் குழு ஒன்று 2017இல் நேச்சர் இதழில் எழுதியது: உப்புக் கூடிய உணவு கொடுத்த சுண்டெலிகளின் குடலில் இலற்றோபசிலசு வகை ஒன்று அருகிப்போனது. அதோடு அது ரிப்ரோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து உண்டாக்குகிற இந்தோல்-3-இலற்றிக் அமிலமும் குறைந்தது. அந்த அமிலம் சாதாரணமாக ரீ.எச். 17 என்ற நிர்ப்பீடனக் கலங்களை அடக்கிவைக்கும். அடக்குவார் இல்லாமல் போக அந்தக் கலங்கள் பெருகின, பிரஷர் ஏறியது. அதே பற்றீரியாவைத் திருப்பி ஊட்டியபோது இரண்டும் தணிந்தன. பிறகு சுகமாக இருந்த 12 ஆண்களுக்கு 14 நாள் தினமும் 6 கிராம் உப்பு மேலதிகமாகக் கொடுத்தார்கள். அவர்களிலும் இலற்றோபசிலசு குறைந்து, ரீ.எச். 17 கலங்களும் பிரஷரும் உயர்ந்தன.

12 பேர் சின்னக் கூட்டம், அதுவும் ஆண்கள் மட்டும். ஆனால் 6 கிராம் என்பது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்கிற வரம்பு 5 கிராமுக்குள். சம்பல், ஊறுகாய், அப்பளம், கருவாடு நான்கும் ஒரே தட்டில் விழுகிற மதியச் சோற்றை நினைத்துப் பாருங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது எப்படி?

மோசம். புரதத்திலிருந்து பற்றீரியா உண்டாக்கும் இந்தோலை ஈரல் இந்தொக்சில் சல்பேற்றாக மாற்றும். அதை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். முடியாதபோது அது இரத்தத்தில் தேங்கி அகவணியை நச்சாக்கும். குழாய் விறைப்போடும் தொடர்புபட்டது. இவர்கள் கீழே நான் சொல்கிற பீற்றூட், கீரை, பருப்பு எதையும் தங்கள் கிளினிக்கில் கேட்காமல் கூட்டக்கூடாது. இவற்றில் உள்ள பொற்றாசியம் இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

பிரஷர் வந்ததால் பற்றீரியா மாறியதா, பற்றீரியா மாறியதால் பிரஷர் வந்ததா?

கோழியா முட்டையா. இரண்டு திசையிலும் சாட்சி இருக்கிறது.

பற்றீரியாவே இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுக்கு ஜேர்மனியின் மைன்ஸ் நகர ஆய்வாளர்கள் அஞ்சியோரென்சின் ஏற்றினார்கள். சாதாரண எலிகளைவிடப் பிரஷர் குறைவாகவே ஏறியது, குழாய்ச் சுவரின் அழற்சியும் குறைவு. இது 2016. அடுத்த வருடம் சீனாவில், பிரஷர் உள்ள மனிதரின் மலத்தைப் பற்றீரியாவற்ற சுண்டெலிகளுக்கு மாற்றினார்கள். எலிகளுக்குப் பிரஷர் உயர்ந்தது. சாப்பாட்டு மேசையில் சொல்லக்கூடிய பரிசோதனை இல்லை, ஆனால் காரணத்தைக் காட்ட இதைவிட நேரான வழி கிடைப்பது கடினம்.

மறுதிசையில், பரம்பரையாகப் பிரஷர் உள்ள எலிகளில் பிரஷர் ஏறினபிறகு குடற்சுவரும் பழுதாகிறது: இரத்தவோட்டம் குறைகிறது, சுவர் இளகுகிறது. அதாவது ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு சுற்றுகிறது. எங்கே தொடங்கியது என்று ஒரு தனி நோயாளியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எலிக்குச் சரி. மனிதருக்கு?

இங்கேதான் நான் குரலைத் தாழ்த்துவேன்.

மெல்பேணில் 2023இல் வெளியான ஒரு பரிசோதனை. பிரஷர் இருந்தும் மருந்து தொடங்காத 20 பேர். அசற்றேற்றும் பியூட்டிரேற்றும் பிணைக்கப்பட்ட ஒரு வகைச் சோள மாப்பொருளை நாளுக்கு 40 கிராம் வீதம் மூன்று வாரம் உணவில் சேர்த்தார்கள். அந்த மாவு சிறுகுடலில் உடையாமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே அமிலங்களை விடும். 24 மணி நேரம் அளந்த மேல் பிரஷர் சராசரியாக 6 மில்லிமீற்றர் (பிரஷரை அளப்பது இரச மில்லிமீற்றரில்) அளவில் குறைந்தது. ஒரு குளிசைக்குக் கிட்ட வருகிற இறக்கம்.

இதற்கு நேர் எதிராக, அம்ஸ்ரடாமில் பிரஷர் உள்ளவர்களுக்குப் பியூட்டிரேற்றையே மாத்திரையாக நான்கு வாரம் கொடுத்தபோது பிரஷர் குறையவில்லை, பகல்நேரப் பிரஷர் கூடியிருந்தது. 2024இல் வந்த முடிவு. ஏன்? மாத்திரை போய்ச் சேரும் இடமும் வேகமும் வேறாக இருக்கலாம், மேலே சொன்ன மூக்கு வாங்கியின் வேலையாகவும் இருக்கலாம். எனக்கு இது பெரிய பாடம். அமிலத்தை வாங்கி விழுங்குவதும், பற்றீரியாவுக்குச் சாப்பாடு போட்டு அதையே செய்யவைப்பதும் ஒன்றல்ல. இரண்டும் சின்ன ஆய்வுகள் என்பதையும் மறக்கக்கூடாது.

உறுதியாக நிற்கிற பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. 1997இல் வெளியான டாஷ் என்ற அமெரிக்கப் பரிசோதனையில் பழம், மரக்கறி, கொழுப்புக் குறைந்த பால் உணவுகள் கூடிய சாப்பாட்டால், பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் அளவு ஏறக்குறைய 11 மில்லிமீற்றர் குறைந்தது. அப்போது யாரும் பற்றீரியாவை எண்ணவில்லை. அந்த இறக்கத்தில் பொற்றாசியத்தின் பங்கு எவ்வளவு, நார்ச்சத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவும் முடியாது.

சரி, எதைச் சாப்பிட?

நாளுக்கு 25 முதல் 29 கிராம் நார்ச்சத்து என்பது 2019இல் உலகளாவிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சொன்ன இலக்கு. காலையில் சூன் பாண் ஓட்டோவில் வாங்கிய பாண், மதியம் வெள்ளைச் சோறு, இரவு கொத்து என்று போகிற கொழும்பு நாளில் இதில் பாதி வருவதே சந்தேகம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

சிவப்பரிசி நல்லது, ஆனால் அதன்மேல் எல்லாரும் வைத்திருக்கிற நம்பிக்கை கொஞ்சம் கூடிப்போனது. சமைத்த சோற்றில் பெரும்பகுதி தண்ணீர். 100 கிராமுக்கு இரண்டு கிராம் நார்ச்சத்துத் தேறினால் பெரிய காரியம். உண்மையான வேலைக்காரர்கள் கடலை (கொண்டைக்கடலை), பயறு, கௌபி, பருப்பு. ஒரு கோப்பை அவித்த கடலையில் ஏறக்குறைய 12 கிராம் நார்ச்சத்து. காலிமுகத் திடலில் தாளில் சுற்றித் தருகிற கடலை வடையும் கணக்கில் வருமோ என்று ஒரு தம்பி கேட்டார். கடலை வரும் தம்பி, எண்ணெயும் உப்பும் கூடவே வரும். குரக்கன் பிட்டு, ஒடியல் கூழ், பலாக்கொட்டை, வல்லாரைச் சம்பல், இலைக்கஞ்சி: நம் ஊர் ஆட்கள் மறந்துகொண்டிருக்கிற பட்டியல்தான் பற்றீரியாவுக்குப் பிடித்த பட்டியல்.

சோற்றை ஆறவைத்தால் நல்லதா என்றும் கேட்கிறார்கள். மாப்பொருள் ஆறும்போது ஒரு பகுதி இறுகி, சிறுகுடலின் நொதியத்துக்கு மசியாததாக மாறும். அதை எதிர்ப்பு மாப்பொருள் என்பார்கள். அது பெருங்குடலுக்குப் போய் நார்ச்சத்தைப் போலவே நொதிக்கும். இதில் கொழும்புக்கும் ஒரு பெருமை உண்டு. கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரியில் மாணவராக இருந்த சுதாயர் ஜேம்ஸும் அவரை வழிநடத்திய புஷ்பராஜா தவராஜாவும் இலங்கையின் 38 வகை அரிசிகளைப் பார்த்தார்கள். கொதிநீரில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு அரை கோப்பை அரிசியைச் சமைத்து, 12 மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் எதிர்ப்பு மாப்பொருள் கூடுகிறது என்று 2015இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டத்தில் சொன்னார்கள். திரும்பச் சூடாக்கினாலும் அது கெடுவதில்லை. அவர்கள் தேடியது கலோரிக் குறைப்பை, பிரஷரை அளக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. ஆறவைப்பது என்றால் குளிர்சாதனப் பெட்டியில். கொழும்புப் புழுக்கத்தில் அடுப்படி மேசையில் இரவு முழுக்கக் கிடந்த சோற்றில் பசிலசு சீரியசு வளர்ந்து நஞ்சு விடும். அதன் ஒரு வகை நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது.

தயிர், புரோபயோட்டிக் (உயிருள்ள பற்றீரியா அடங்கிய) குளிசை?

2014இல் ஒன்பது பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது மேல் பிரஷரில் மூன்றரை மில்லிமீற்றர் அளவு இறக்கம். அதுவும் எட்டு வாரமாவது, பெரிய அளவில் எடுத்தவர்களுக்கு. தயிர் சாப்பிடுங்கள், நல்லது. சட்டித் தயிரின்மேல் கித்துள் பாணியைத் தாராளமாக ஊற்றுகிறவர்களிடம் நான் ஒன்றும் சொல்வதில்லை, என் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். குளிசைக்குக் காசு செலவழிப்பதைவிட அதே காசுக்குக் கடலை வாங்குவேன்.

வாய் கொப்பளிக்கிற மருந்தும் பிரஷரை ஏற்றுமாமே?

ஓரளவு உண்மை. பீற்றூட்டிலும் கீரையிலும் உள்ள நைத்திரேற்றை நாக்கின்மேல் வாழும் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாக மாற்றும். விழுங்கிய பிறகு அது உடம்பில் நைத்திரிக் ஒட்சைட்டாகும். அகவணி சோர்ந்தாலும் வருகிற இரண்டாவது வழி இது. லண்டனில் 2013இல், சுகமான 19 பேரைக் குளோரெக்சிடினால் ஏழு நாள் வாய் கொப்பளிக்க வைத்தார்கள். பிரஷர் இரண்டு, மூன்று மில்லிமீற்றர் ஏறியது. அங்கேயே 2015இல், பிரஷர் உள்ளவர்கள் தினமும் 250 மில்லிலீற்றர் பீற்றூட் சாறு நான்கு வாரம் குடித்தபோது மேல் பிரஷர் எட்டு மில்லிமீற்றர் அளவில் இறங்கியது. குழாயின் விறைப்பும் குறைந்தது. பல் வைத்தியர் சொன்ன காலத்துக்கு அந்த மருந்தைப் பாவியுங்கள். வாழ்நாள் பழக்கமாக வேண்டாம். பீற்றூட் குடித்த மறுநாள் கழிப்பறையில் சிவப்பைக் கண்டு பதறவும் வேண்டாம்.

மலத்தைப் பரிசோதித்து எந்தப் பற்றீரியா என்று பார்க்கலாமா?

ஒரு தனியார் இடத்தில் விலை கேட்டுப் பார்த்தேன். அந்தக் காசுக்கு நல்ல பிரஷர் கருவி ஒன்று வாங்கி மிச்சமும் இருக்கும். பட்டியல் தருவார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்து உங்கள் பிரஷர் மருந்தை மாற்ற எந்த வழிகாட்டியும் இன்னும் இல்லை. கருவியை வாங்குங்கள்.

இவ்வளவும் சாப்பிட்டால் குளிசையை நிறுத்தலாமா?

கூடாது. வீட்டில் அளந்த எண்கள் தொடர்ந்து இறங்கினால் அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். குறைப்பதா என்பது அவர்கள் முடிவு.

கடலை சாப்பிடத் தொடங்கியதும் வயிறு ஊதி, பஸ்ஸில் இருக்கவே வெட்கமாக இருக்கிறதே?

இதை மட்டும் எல்லாரும் தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்பார்கள். வாயு, பற்றீரியா வேலை செய்வதன் அடையாளம். பிழை, ஒரே நாளில் கூட்டியது. இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் நன்றாக வேகவையுங்கள். முதல் கிழமை ஒரு கைப்பிடி, அடுத்த கிழமை இரண்டு. தண்ணீர் கூடக் குடியுங்கள். இரண்டு மூன்று கிழமையில் குடல் பழகிவிடும். எனக்கு ஒரு மாதம் எடுத்தது. அந்த மாதம் 101 பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்தேன்.